கேட்பாரற்றுக் கிடக்கும் பழஞ்சிலையைப் பார்த்துப் பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வயலோரம், ஏரிக்கரை, ஆலமரத்தடி, இடிந்த கோயிலின் பின்புறம் எனத் தமிழ்நாட்டில் பழைய கற்சிலைகள் கிடக்காத வட்டாரமே இல்லை. அவற்றைத் தேடிப் போகிறவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சிலையைக் கண்ட அடுத்த நிமிடமே ‘இது புத்தர்’, ‘இது பல்லவர் காலம்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு கண்ணில் படுவதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சியாகவே தெரியும். மாறாக இருப்பது கண்ணில் படாது.

ஆகவே இங்கே சொல்லப்போகும் வரிசை இதுதான்: முதலில் இடம், பிறகு படம், அளவு, உருவ விவரம். இவை நான்கும் குறிப்பேட்டில் ஏறிய பிறகே பெயர். காலம் அதற்கும் பின்னால்.

1. புறப்படும் முன்

அளவு நாடா, 10 செ.மீ. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட அளவுகோல் அட்டை, கோடு போடாத குறிப்பேடு, பென்சில், நல்ல டார்ச் விளக்கு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைபேசி. இவ்வளவு போதும். பேனாவைவிடப் பென்சில் நல்லது. மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது.

தூரிகை, தண்ணீர், சோப்புத்தூள், சுண்ணக்கட்டி எதையும் கொண்டு போகாதீர்கள். பையில் இருந்தால் கை அரிக்கும்.

சிலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் முக்காலி வைத்துப் படமெடுக்க அனுமதி தேவை. தனியார் வயல் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. அனுமதி கேட்பது வெறும் மரியாதைக்காக இல்லை. சிலைத் திருட்டு நடந்த ஊர்களில், அறிமுகமில்லாத ஒருவர் சாமி சிலையை அளப்பதைப் பார்த்தால் ஊரார் சும்மா விடமாட்டார்கள். அவர்கள் சந்தேகப்படுவதும் நியாயமே.

2. சிலையை விட்டு விலகி முதலில் இடத்தைப் பாருங்கள்

வந்ததும் சிலையின் அருகே போகாமல், அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் நடந்து பாருங்கள். பழைய செங்கல் துண்டுகள், தூண் உடைசல், ஆவுடையார் எனும் லிங்கப் பீடம், நந்தி, கல்தொட்டி, மேடாக உயர்ந்த நிலம் ஏதும் உண்டா? தனியாகக் கிடக்கும் சிலை பெரும்பாலும் தனியாக இருந்ததில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. முற்காலச் சோழர் சிவன் கோயில்கள் பலவற்றில் கருவறையைச் சுற்றிப் பரிவாரத் தெய்வங்களுக்குத் தனித்தனிச் சிறு கோயில்கள் இருந்தன. சூரியன், சந்திரன், பிள்ளையார், முருகன், சேட்டை எனப்படும் மூத்ததேவி, ஏழு கன்னியர், சண்டிகேசுவரர் ஆகியோர் அவற்றில் இடம்பெற்றார்கள். கோயில் அழிந்த பிறகு இந்தச் சிலைகள்தான் நாலாபுறமும் சிதறிக் கிடக்கும். ஏழு கன்னியரில் ஒருத்தியான சாமுண்டி தனியாகக் கண்ணில் பட்டால், மற்ற அறுவரும் பக்கத்து வரப்பிலோ குளத்துப் படியிலோ இருக்க வாய்ப்புண்டு. மூத்ததேவியும் சண்டிகேசுவரரும் ஒரே சுற்றுவட்டாரத்தில் இருந்தால் அங்கே ஒரு சிவன் கோயில் இருந்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலையை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு இந்தத் தடயம் கிடைப்பதே இல்லை.

பார்த்ததை ஒரு கைவரைபடமாகப் போடுங்கள். வடக்கு எது, சிலை எந்தத் திசை பார்க்கிறது, அருகில் உள்ள ஏரி, சாலை, கோயில் எவ்வளவு தூரம் என்பவை அதில் இருக்கட்டும். கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதிவிடுங்கள். இந்த எண்கள் உங்கள் குறிப்பேட்டுக்கு மட்டும். காரணம் கடைசிப் பகுதியில்.

3. ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், திருத்தாதீர்கள்

“ஐயா, இந்தச் சாமியை என்ன பெயர் சொல்லிக் கும்பிடுகிறீர்கள்? முன்பிருந்தே இங்கேதான் இருக்கிறதா?” இந்த இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் முக்கியம். குளம் தூர்வாரும்போது கிடைத்தது, தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது போன்ற பதில் வந்தால், சிலையின் இப்போதைய இடத்தை வைத்து நீங்கள் போடவிருந்த கணக்கு முழுவதும் மாறிவிடும்.

ஊர்ப்பெயரை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். முனியப்பன் என்றால் முனியப்பன். “அது தப்பு, இது புத்தர்” என்று மரத்தடியிலேயே வகுப்பெடுக்கத் தொடங்கினால் அடுத்த தகவல் கிடைக்காது. தவிர, அந்த ஊர்ப்பெயரும் சிலையின் வரலாற்றில் ஒரு பகுதிதான்.

4. துடைக்காதீர்கள், தோண்டாதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள்

மூன்றும் ஆர்வத்தில் செய்யப்படுபவை. மூன்றும் சேதம் செய்பவை.

எண்ணெய்ப் பிசுக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பிசுக்கோடு கல்லின் மேற்பரப்பும் போகும். மெல்லிய ஆடைக்கோடும் பூணூல் கோடும்தான் முதலில் அழியும். இடுப்பளவு புதைந்த சிலையைத் தோண்டினால், அது எந்த மண்ணடுக்கில் எந்தப் பொருள்களோடு இருந்தது என்ற சான்று கலைந்துவிடும். சாய்ந்த சிலையை நாலு பேர் சேர்ந்து நிமிர்த்தினால் பழைய விரிசல் உடைப்பாக மாறும்.

வழிபாட்டில் உள்ள சிலைக்கு ஆடையும் சந்தனக்காப்பும் இருக்கும். அவற்றை விலக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அபிஷேகம் எப்போது என்று பூசாரியிடம் கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். அபிஷேகம் முடிந்து அலங்காரம் தொடங்குவதற்குள் சில நிமிடங்கள் உருவம் முழுதாகத் தெரியும். அந்த நேரத்தில் படமெடுக்க அனுமதி இல்லையென்றால் கண்ணால் பார்த்து வெளியே வந்து எழுதுங்கள்.

5. படம் எடுத்தல்

உச்சி வெயிலும் நேர் ஃபிளாஷும் சிற்பத்துக்கு எதிரிகள். நேராக விழும் ஒளியில் நிழல் விழாது; நிழல் இல்லாவிட்டால் புடைப்பு தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் ஒருவர் டார்ச் விளக்கைச் சிலையின் ஓரமாகக் கல்லை ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் எதிரே நின்று எடுக்கலாம். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த மார்பில் திடீரென ஓர் ஆடைக்கோடு எழுந்து வருவதை அப்போது பார்க்கலாம்.

நின்ற வாக்கில் கீழே பார்த்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகும். கைபேசியைச் சிலையின் நடு உயரத்துக்கு இறக்கி, சற்றுப் பின்னால் நகர்ந்து எடுங்கள்.

முதலில் சுற்றுப்புறத்தோடு ஒரு படம். பிறகு முன்புறம், இரு பக்கங்கள், முதுகு. அதன்பின் தலை, ஒவ்வொரு கை, இடுப்பு, பாதம், பீடம் என நெருக்கமாக. பீடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாகனமும் தாமரை இதழும் எழுத்தும் அங்கேதான் இருக்கும். அளவுகோல் அட்டை வைத்து ஒன்றும் வைக்காமல் ஒன்றும் எடுங்கள். அட்டை சிலையின் தளத்திலேயே இருக்க வேண்டும், அரை அடி முன்னால் இருந்தால் அளவு பொய் சொல்லும்.

உடைந்த மூக்கு, சிதைந்த விரல், விளிம்புச் சில்லு ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். அழகுக்கு இவை வேண்டாம், அடையாளத்துக்கு வேண்டும். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்து 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அது அந்தக் கோயிலுக்குரியதுதான் என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய ஆவணப் படங்கள். ஒரே இலக்கணப்படி செய்த சிலைகள் எத்தனையோ இருக்கலாம். ஒரே மாதிரி உடைந்த சிலைகள் இரண்டு இருப்பது அரிது.

6. அளவு

பீடத்தோடு உயரம், பீடம் இல்லாமல் உயரம், அதிகபட்ச அகலம், பலகைக்கல்லின் கனம். புதைந்திருந்தால் ‘தரைக்கு மேல் தெரியும் உயரம்’ என்றே எழுதுங்கள். ‘சுமார் மூன்றடி’ என்பது அளவு ஆகாது.

7. உருவத்தை எழுதுதல்: வலம் என்பது சிலையின் வலம்

சிலை விவரத்தில் வலக்கை என்றால் சிலையின் வலக்கை. எதிரே நிற்கும் உங்கள் வலப்புறம் இல்லை. எளிய விதிதான், ஆனாலும் புதியவர்களின் குறிப்புகளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். குறிப்பேட்டின் முதல் வரியிலேயே ‘வ = சிலையின் வலம்’ என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முன்கேமராவில் எடுத்த படம் இடவலம் மாறி வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு கீழிருந்து மேலாக எழுதுங்கள். பீடம், கால், இடுப்பு, மார்பு, கைகள், கழுத்து, முகம், தலை. எல்லோரும் முகத்தில் தொடங்குவார்கள். முகம் பார்த்ததும் பெயர் மனத்தில் தோன்றிவிடும். அதைத் தள்ளிப்போடத்தான் இந்த வரிசை.

கால்கள் நேராக நிற்கின்றனவா, உடல் மூன்று இடங்களில் வளைகிறதா, உட்கார்ந்திருந்தால் எந்தக் கால் மடிந்து எது தொங்குகிறது? கைகளுக்கு ஒரு நிலையான ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: பின் வலக்கை, பின் இடக்கை, முன் வலக்கை, முன் இடக்கை. கையில் உள்ளது என்ன என்று தெரியாவிட்டால் ‘உருண்டையான பொருள், சிதைந்தது’ என்றே எழுதுங்கள். மாதுளை என்றோ மோதகம் என்றோ ஊகித்து எழுதினால் பிறகு அதைப் படிப்பவர் உங்கள் ஊகத்தை உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

தலையில் உயர்ந்த குழல் போன்ற மகுடம் என்றால் கிரீட மகுடம். அடுக்கடுக்காகக் கவிழ்த்த குடம்போல் குறுகிச் செல்வது கரண்ட மகுடம். சடையையே மகுடமாகக் கட்டியது சடாமகுடம்.

8. தியானத்தில் அமர்ந்தவர்: புத்தரா, தீர்த்தங்கரரா?

அதிகம் குழம்பும் இடம் இது. சமணர் வணங்கும் ஞானியரே தீர்த்தங்கரர். இருவரும் கால் மடித்து, மடிமேல் கை வைத்து அமர்ந்திருப்பார்கள். இருவருக்கும் சுருள்முடியும் நீண்ட காதுமடலும் உண்டு. இரு பக்கமும் சாமரம் வீசுவோர் இருவருக்கும் வருவார்கள். ஆக, சுருள்முடியை மட்டும் வைத்துப் புத்தர் என்று எழுதினால் பாதி நேரம் தவறாகும்.

பார்க்க வேண்டியது ஆடை. புத்தருக்குச் சீவரம் எனும் துறவி ஆடை உண்டு. பெரும்பாலும் வலத்தோள் திறந்திருக்க, இடத்தோளில் இருந்து வலது விலா நோக்கி மார்பில் ஒரு சாய்கோடு இறங்கும். தீர்த்தங்கரருக்குத் தமிழ்நாட்டுச் சிற்பங்களில் ஆடை கிடையாது. வெயிலும் மழையும் பட்டு மார்புக்கோடு தேய்ந்திருக்கும்போது மூன்று இடங்களில் தேடுங்கள்: இடத்தோளின் மேல் விழும் மடிப்பு, இட மணிக்கட்டின் அருகே முடியும் துணி, கணுக்காலுக்குச் சற்று மேலே வரும் ஆடை விளிம்பு. கணுக்கால் விளிம்பு மடிந்த காலின் பள்ளத்தில் இருப்பதால் மற்றவை தேய்ந்த பிறகும் பல சமயம் தப்பியிருக்கும். அங்கே டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது தலை உச்சி. சோழர் காலப் புத்தர் உருவங்களில் உச்சியில் தீச்சுடர் போல ஒரு முடி எழும்பும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த வெண்கலப் புத்தர்களில் இதைத் தெளிவாகக் காணலாம். தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை இருந்தால் தீர்த்தங்கரர் பக்கம் சாயுங்கள். ஐந்தலை நாகம் குடைபிடித்தால் சுபார்சுவநாதராகவோ பார்சுவநாதராகவோ இருக்கலாம். பார்சுவருக்கு ஏழு தலை நாகமும் வரும். பீடத்தில் லாஞ்சனம் எனப்படும் அடையாள விலங்கு இல்லையே என்று குழம்ப வேண்டாம். தமிழ்நாட்டின் பழைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் பலவற்றில் அது கிடையாது.

தலை ஒட்டப்பட்டதா என்பதையும் கழுத்தில் சோதியுங்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலையை மாநிலத் தொல்லியல் துறை ஆராய்ந்தது. தாமரைப் பீடத்தில் அர்த்தபத்மாசனம் (ஒரு காலை மற்றதன் மேல் மடித்த அமர்வு), தியான முத்திரை, சுருள்முடி, உச்சிமுடி, நீண்ட காது எனப் புத்தருக்குரிய கூறுகளைப் பட்டியலிட்டதோடு, துண்டான தலை சிமெண்டால் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருப்பதையும் பதிவு செய்தது. நெற்றித் திலகம் தெரியவில்லை என்பதையும் அந்த அறிக்கை விடவில்லை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது இந்த அறிக்கையை வைத்துத்தான். இல்லாததையும் எழுதுகிற அந்த நேர்மை உங்கள் குறிப்பேட்டிலும் இருக்க வேண்டும்.

கண்ணைப் பழக்க வேண்டும் என்றால், ஆத்தூர் அருகே தியாகனூர் புத்தர்களையும் கழுகுமலைப் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

9. அடிக்கடி பெயர் மாறிப்போகும் மற்ற உருவங்கள்

மூத்ததேவி. பருத்த வயிறு, கால்களை அகற்றி அமர்ந்த நிலை, இரு பக்கமும் மாட்டு முக மகன் மாந்தனும் மகள் மாந்தியும், மேலே காக்கைக் கொடி. திருப்பரங்குன்றத்தில் நல்ல உதாரணம் உண்டு. பெண் தெய்வம் என்றதும் லட்சுமி என்றோ காளி என்றோ எழுதிவிடுகிறார்கள். காக்கை சிதைந்திருந்தாலும் மாட்டுத் தலை காட்டிக்கொடுத்துவிடும்.

கொற்றவை. எருமைத் தலைமேல் நிற்பாள். பின்னால் கலைமான் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எருமை மண்ணில் புதைந்து, சங்கு சக்கரம் மட்டும் வெளியே தெரியும்போது விஷ்ணு என்று எழுதப்படுவதுண்டு. மார்புக் கச்சையைப் பார்த்தால் தீர்ந்தது.

முருகன். பழைய உருவங்களில் வேலும் மயிலும் இல்லாமல், கையில் அக்கமாலை எனும் செபமாலை, மார்பில் குறுக்காகச் சன்னவீரம் எனும் பட்டை, தலையில் பூக்கண்ணி என்றிருப்பார். வேலைத் தேடிக்கொண்டிருந்தால் இவரைத் தவறவிடுவீர்கள்.

ஐயனார் கையில் செண்டு எனும் வளைகோல், மடித்த காலைச் சுற்றி யோகப்பட்டம் எனும் துணிப்பட்டை. சண்டிகேசுவரர் கையில் மழு எனும் கோடரி. இவர்களில் பெரிய குழப்பம் வருவதில்லை.

எந்தப் பெயரானாலும் அதற்கு நேரே ‘காரணம்’ என்று ஒரு வரி இருக்கட்டும். காரணம் எழுத வராவிட்டால் பெயரும் வேண்டாம்; ‘நான்கு கை ஆண் தெய்வம், நின்ற நிலை’ என்பது முழுமையான, மதிப்புள்ள பதிவுதான்.

10. காலம் கணித்தல்

ஒரே ஒரு கூறை வைத்துக் காலம் சொல்லாதீர்கள். தனித்தனியான மூன்று கூறுகளாவது ஒரே பக்கம் காட்ட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி.

பூணூல் பருத்து வலக்கையின் மேலாக ஏறிப் போவது பல்லவர், முற்காலப் பாண்டியர், முற்காலச் சோழர் சிற்பங்களில் காணப்படும் பழைய கூறு. விஷ்ணுவின் சக்கரம் விளிம்பு நம்மைப் பார்க்கத் திரும்பி, எறியத் தயாராக இருப்பதும் பழமையின் அடையாளம். சங்கிலும் சக்கரத்திலும் தீச்சுடர்கள் முளைத்திருந்தால் காலத்தைப் பிற்காலத்துக்கு நகர்த்துங்கள். மூக்கும் முழங்கால் சில்லும் கூராகத் துருத்தி, நகைகள் உடலோடு ஒட்டாமல் விறைத்திருந்தால் விஜயநகர, நாயக்கர் காலத்தை யோசிக்கலாம்.

அருகே தூண் கிடந்தால் அதன் போதிகையை, அதாவது தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கல்லைப் பாருங்கள். வளைந்த முகப்பில் அலைப் பட்டைகள் ஓடுவது பல்லவர் பாணி. கோணமாக வெட்டி நடுவே ஒரு துண்டு முன்தள்ளியிருந்தால் சோழர் பாணி. பூமொட்டு தொங்கினால் விஜயநகர காலமும் அதற்குப் பிறகும். ஆனால் தூணும் சிலையும் ஒரே கோயிலைச் சேர்ந்தவை என்று தெரியாதவரை இதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

‘9–10ஆம் நூற்றாண்டு’ என்று வீச்சாக எழுதுங்கள். கிராமத்துச் சிற்பி நூறு ஆண்டு பழைய பாணியிலேயே செதுக்கியிருக்கலாம். அரசன் பெயரைச் சொல்லிக் காலம் கணிக்க எழுத்துச் சான்று வேண்டும்.

11. கல்வெட்டு இருந்தால்

எழுத்தில் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். நீங்கள் எழுத்து என்று நினைத்த கீறலும் எழுத்தாகிவிடும். பின்னால் வருபவர் உங்கள் வெள்ளைக் கோட்டைத்தான் படிப்பார். சாய்ந்த ஒளியில் இடம், வலம், மேல் என ஒளியின் திசையை மாற்றி ஒரே வரியைப் பலமுறை படமெடுங்கள். ஈரத்தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் மைப்படி பயிற்சி பெற்றவர்களின் வேலை.

முழுதும் படிக்க வராவிட்டாலும் தொடக்கத்தைத் தேடுங்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்பதை அடுத்து அரசன் பெயரும் ‘யாண்டு’ என்ற சொல்லுக்கு முன்போ பின்போ ஆட்சியாண்டும் வரும். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன் (907–955). ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி (அரசனைப் புகழும் முன்னுரை) முதலாம் இராசராசனுடையது (985–1014). வெறும் ‘கோப்பரகேசரி’ மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள்.

சுவரின் கல்வெட்டு சிலையின் காலத்தைச் சொல்லாது. கோயிலைப் புதுப்பித்துக் கட்டியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டிய வழக்கமும் உண்டு. சிலையின் பீடத்திலேயே பொறித்த எழுத்து என்றால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம்.

12. யாருக்குத் தெரிவிப்பது, எதை வெளியிடக் கூடாது

மண்ணுக்குள் இருந்து கிடைத்த பொருள் என்றால் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொன்னால் தகவல் மேலே போகும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்துகிறேன் என்ற நல்லெண்ணமும் வழக்கில் முடியலாம். சிலை காணாமல் போயிருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தோடு 1983இல் தொடங்கப்பட்ட சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் தெரிவியுங்கள்.

அறிக்கை ஒரு பக்கம் போதும். ஊர், வட்டம், மாவட்டம், இருப்பிடம், அளவு, உருவ விவரம், ஊர்ப்பெயர், உங்கள் ஊகமும் அதன் காரணமும், பார்த்த தேதி, படங்கள். ஒரு பிரதி மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒன்று மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு, ஒன்று உங்களிடம். ஒப்புகைச் சீட்டோடு அஞ்சலில் அனுப்புங்கள். ஓராண்டு கழித்துப் பின்தொடர அந்தச் சீட்டுதான் பிடிமானம்.

சமூக ஊடகத்தில் படம் போட்டே ஆக வேண்டும் என்றால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். காவல் இல்லாத சிலையின் துல்லியமான இருப்பிடம் திருடனுக்கும் பயன்படும். கைபேசிப் படத்துக்குள்ளேயே இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும். மூலப் படத்தை அதோடு பத்திரப்படுத்திவிட்டு, வெளியிடும் பிரதியில் இருந்து மட்டும் நீக்கிவிடுங்கள். பின்னணியில் கோயில் பெயர்ப்பலகையோ பேருந்து நிறுத்தமோ தெரிந்தால் அதையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.